பட்டப்பெயரும் பாட்டன் பெயரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



புலவர்களும் பேராசிரியர்களும் நின்று பேசிய மேடை இது. மெட்ரிக்குலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு, பகல் முழுவதும் கோப்புகளுக்கிடையே காலம் கழிக்கும் ஒரு ரயில்வே குமாஸ்தாவை இதில் ஏற்றியிருக்கிறீர்கள். இலக்கியம் பேச நமக்குத் தகுதி இல்லை. பெயர்களைப் பற்றிப் பேசச் சிறு தகுதி உண்டு. ஓய்வு பெற்றவர்களுக்கும், பணியிலிருக்கும்போதே காலமானவர்களின் குடும்பத்தாருக்கும் கணக்கை முடித்துக் கொடுக்கும் பிரிவில் நமக்கு வேலை. அங்கே நாள்தோறும் நம் கையில் வந்து விழுபவை பெயர்கள்தாம். ஆகவே பெயரைப் பற்றி, அதிலும் பட்டப்பெயரைப் பற்றி, சில வார்த்தைகள் சொல்ல முற்படுகிறோம்.

இக்காலனியில் இன்று பள்ளிக்குப் போகும் குழந்தைகளில் பலர் நான்காம் தலைமுறையினர். பெங்கால் நாக்பூர் ரயில்வே 1887-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. கரக்பூரில் அதன் பட்டறையும் யார்டும் வளர வளர, அன்றைய சென்னை மாகாணத்திலிருந்து ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். ஃபிட்டராக வந்தவர், கலாசியாக வந்தவர், கேபினில் கைகாட்டிக்கு நெம்புகோல் இழுக்க வந்தவர் எனப் பலர். அந்த ரயில்வே 1944-இல் சர்க்கார் வசமாயிற்று. 1952-இல் கிழக்கு ரயில்வேயோடு சேர்ந்தது. 1955-இல் தென்கிழக்கு ரயில்வே என்று தனியே பிரிந்தது. ரயில்வேயின் பெயர் மாறிய வரலாறு இப்படித் தேதி வாரியாக நமக்குத் தெரிகிறது. அதில் உழைத்த நம் முன்னோரின் பெயர்தான் தெரியவில்லை.

நம்பாதவர்கள் இன்றிரவே வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். பாட்டனாரின் தந்தை பெயர் என்ன என்று பிள்ளைகளைக் கேளுங்கள். பிறகு பெரியவர்களையும் கேளுங்கள். 'கேபின் தாத்தா' என்பார்கள். 'பாயிலர் தாத்தா' என்பார்கள். 'மீசைத் தாத்தா', 'சிவப்புத் தாத்தா' என்பார்கள். உத்தியோகத்தையும் மீசையையும் நிறத்தையும் சொல்வார்களே தவிர, பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்ல மாட்டார்கள். மறைத்து வைத்துக்கொண்டு சொல்லாமல் இருப்பதில்லை. வீட்டில் அந்தப் பெயர் வழங்கியதே இல்லை. இங்கிருந்து கயை மிகத் தொலைவில் இல்லை; பாஸ் எடுத்துக்கொண்டு பிண்டம் போடப் போகிறவர்கள் நம்மில் பலர். அங்கே புரோகிதர் தந்தை பெயரைக் கேட்கிறார்; உரக்கச் சொல்கிறோம். பாட்டனார் பெயரைக் கேட்கிறார். சற்று யோசித்துச் சொல்கிறோம். முப்பாட்டனார் பெயரைக் கேட்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம்.

பட்டப்பெயர் என்பது வெறும் கேலிக்கு வைத்தது என்று எண்ணுவோர் உண்டு. கேலிக்கு வைத்தவையும் இருக்கின்றன, மறுப்பதற்கில்லை. ஆயினும் பெரும்பாலானவை தேவைக்காகப் பிறந்தவை. ஒரே குலதெய்வத்தைக் கும்பிடும் பங்காளிகள் அத்தெய்வத்தின் பெயரையே பிள்ளைகளுக்கு இடுவார்கள். அன்றியும் பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவது நம் வழக்கம். 'பேரன்' என்ற சொல்லே பெயரை உடையவன் என்னும் பொருளில் வந்தது என்பர். பாட்டனுக்கு நான்கு பிள்ளைகள் என்றால், நான்கு வீட்டிலும் மூத்த பேரனுக்கு ஒரே பெயர். சிவகங்கைச் சீமையில் ஓர் ஊருக்குள் போய்க் 'கருப்பையா!' என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஆகவே ஒருவர் நெட்டைக் கருப்பையா, ஒருவர் மேலவீட்டுக் கருப்பையா, ஒருவர் ஊருணிக்கரைக் கருப்பையா. நாளடைவில் கருப்பையா உதிர்ந்து போய் 'நெட்டையர்' மட்டும் நிற்பார். பிற மாகாணத்தாருக்குக் குடும்பப்பெயர் செய்கிற வேலையை நமக்குப் பட்டப்பெயர் செய்து வந்தது. குடும்பப்பெயரோ தந்தையிடமிருந்து மகனுக்கு ஒழுங்காக இறங்குகிறது. பட்டப்பெயர் தன் இஷ்டத்துக்கு ஆளைப் பிடிக்கிறது. ஒருவரிடம் ஒரு தலைமுறை தங்கி மறைவதும் உண்டு. வீட்டையே பிடித்துக்கொண்டு மூன்று தலைமுறை விடாததும் உண்டு. தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

இதற்கு மேல் மரியாதை வேறு வந்து சேர்கிறது. மருமகள் மாமனார் பெயரை வாயால் சொல்லலாகாது. பிள்ளைக்கு வைத்திருப்பதோ மாமனார் பெயர். தொட்டிலில் கிடப்பவனை அவள் எப்படி அழைப்பாள்? அவன் வளர்ந்து சேட்டை செய்தால் மாமனார் பெயரைச் சொல்லி அதட்ட முடியுமா? ஆகவே அவன் துரை, அல்லது ராஜா, அல்லது தம்பி, அல்லது அம்பி. அறுபது வயதிலும் அவர் அம்பிதான். கணவர் பெயரைச் சொல்லாத கட்டுப்பாட்டை நாம் விளக்க வேண்டியதில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவரிடம் ஒரு கையின் ஐந்து விரலையும் மறு கையின் ஒரு விரலையும் காட்டி, பிறகு தம் முகத்தைத் தொட்டுக் காட்டிய அம்மையாரின் கதையை எல்லோரும் கேட்டிருப்போம். வந்தவர் தமிழராகையால் 'ஆறுமுகம்' என்று எழுதிக்கொண்டு போனாராம். கரக்பூரில் வங்காளி ஒருவர் வந்திருந்தால் என்ன எழுதியிருப்பாரோ!

வீட்டில் வழங்கும் பெயர் எவ்வளவு வலியது என்பதற்குப் பெரிய இடத்து உதாரணம் ஒன்று உண்டு. தமிழ்த் தாத்தா உ.வே. சாமிநாதையர் அவர்களுக்கு இட்ட பெயர் வேங்கடராமன். வீட்டில் சாமா என்று அழைத்தார்கள். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்களிடம் பாடம் கேட்கச் சேர்ந்த காலத்தில், வேறு பெயர் ஏதேனும் உண்டா என்று ஆசிரியர் வினவ, வீட்டில் வழங்கிய பெயரை மாணாக்கர் சொன்னார். அது முதல் சாமிநாதன் என்ற பெயரே நிலைத்தது. 'என் சரித்திரம்' என்ற நூலில் அவரே இதை எழுதியிருக்கிறார். எழுதி வைத்தபடியால் நமக்குத் தெரிகிறது. அவரைப் போல் எழுதி வைக்காத வீடுகளில் வேங்கடராமன் ஒருவர், சாமிநாதன் மற்றொருவர் என்று இரண்டு பேராக ஆகிவிடுவார்கள். தமிழ்த் தாத்தா என்பதும் ஒரு பட்டப்பெயர்தானே என்று யாராவது மூன்றாவது ஆள் ஒருவரையும் சேர்த்தால் வியப்பதற்கில்லை.

பட்டப்பெயர் ஆளை மறைக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டால் அது நியாயமாகாது. சில சமயம் வேறெங்கும் இல்லாத செய்தியை அது வைத்திருக்கிறது. அடுத்தடுத்துப் பிள்ளைகள் தவறிய வீட்டில், பிறகு பிறந்த குழந்தையைக் குப்பையில் கிடத்தி எடுத்துக் குப்பன் என்றும், குப்புசாமி என்றும், குப்பம்மாள் என்றும் பெயரிட்டார்கள். மூக்குக் குத்தி மூக்கன், மூக்கையா, மூக்கம்மாள் என்றார்கள். பிச்சை என்றார்கள். யமனுக்கு இந்தப் பிள்ளை மேல் ஆசை வரக்கூடாது என்பதே நோக்கம். குடும்ப வரலாறு தேடுகிறவர் இப்பெயர்களைக் கண்டால் சற்று நிற்க வேண்டும். அந்த மூக்கையாவுக்கு முன்னே, எந்த ஏட்டிலும் ஏறாத இரண்டு மூன்று குழந்தைகள் அவ்வீட்டில் பிறந்து போயிருக்கக்கூடும். இப்படிப்பட்ட பெயர் நாகரிகமாக இல்லையென்று மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. மாற்றிக்கொள்வது அவரவர் உரிமை. மாற்றும்போது பழைய பெயர் ஏன் வந்தது என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தால், அந்தக் குழந்தைகளும் வீட்டுக் கணக்கில் இருந்திருக்கும். வரிசையாகப் பெண்ணே பிறந்த வீட்டில் 'போதும்பொண்ணு' என்றும் 'வேண்டாம்' என்றும் பெயரிட்டார்களே, அதுவும் ஒரு செய்திதான். பெருமைப்பட அதில் ஒன்றுமில்லை.

பெண்மக்களின் பெயர் நிலை இன்னும் சிக்கலானது. ஆணுக்குப் பட்டப்பெயர் உயரத்தாலோ தொழிலாலோ வருகிறது. பெண்ணுக்கோ பிறந்த ஊரால் வருகிறது. பரமக்குடியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள் புகுந்த ஊரில் பரமக்குடியாள். பிள்ளை பிறந்ததும் இன்னாரின் தாய். பேரன் பிறந்ததும் அப்பத்தா. பெற்றோர் ஆசையோடு வைத்த பெயரைச் சொல்லக்கூடியவர்கள் பிறந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்களும் ஒவ்வொருவராகப் போய்விடுகிறார்கள். இதிலும் ஒரு சிறு நன்மை உண்டு. அவளுடைய ஊர் எது என்பதைப் பட்டப்பெயரே சொல்லிவிடுகிறது. அந்த ஊருக்குப் போய்க் கேட்டால் அவள் பெயர் கிடைக்கும். நம் காலனிப் பெண்களுக்கு இந்த நன்மையும் போயிற்று. மாரியம்மன் திருவிழாவுக்கு ஊருக்குப் போனால் எல்லோரும் கரக்பூராள்தான். திருச்சியில் பிறந்தவளும் கரக்பூராள், திண்டிவனத்தில் பிறந்தவளும் கரக்பூராள்.

இனி எங்கள் குடும்பத்துச் செய்தியைச் சொல்லுகிறோம். பிறர் வீட்டுச் செய்தியைச் சபையில் சொல்வதைவிட அது நாகரிகம். காலனியில் எங்கள் கொள்ளுப்பாட்டனாருக்குக் கேபின் தாத்தா என்று பெயர். காரியாலயத்து ஏட்டில் முத்தையா மகன் கருப்பையா. இவ்விரண்டையும் எடுத்துக்கொண்டு, விடுமுறையில் பூர்விக ஊருக்குச் சென்றோம். கேபின் என்ற சொல் அங்கே எவருக்கும் விளங்கவில்லை. கருப்பையா என்றால், 'எந்தக் கருப்பையா?' என்றார்கள். முத்தையா மகன் என்றோம். 'முத்தையா மகன் கருப்பையாவே மூணு பேர் உண்டே' என்றார்கள். இரண்டு நாள் இப்படிப் போயிற்று. மூன்றாம் நாள் கோயில் வாசலில் உட்கார்ந்திருந்த மூதாட்டி ஒருவர் எங்கள் முகத்தைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, 'நீங்க ரங்கூனார் வீட்டு ஆளுகளா? ரயிலுக்குப் போன சின்னத்தம்பி வகையறாவா?' என்று கேட்டார். அந்த ஒரு வார்த்தையில் ஊர் திறந்துகொண்டது. கொள்ளுப்பாட்டனார் அங்கே கருப்பையாவும் அல்லர், கேபினும் அல்லர், சின்னத்தம்பி. மாலைக்குள் பங்காளிகள் எழுவர் வந்து சேர்ந்தார்கள்.

ஆனால் அந்த ரங்கூனார் யார் என்பதில் அடுத்த சிக்கல் எழுந்தது. பர்மாவுக்குப் பிழைக்கப் போவது அக்காலத்தில் அச்சீமைக்குப் புதிதன்று. ரங்கூனார் பர்மாவிலேயே காய்ச்சலில் மாண்டார், உடல்கூட ஊர் வரவில்லை என்று ஒரு கிளையினர் உறுதியாகச் சொன்னார்கள். மற்றொரு கிளையினரோ, ரங்கூனார் ஊரை விட்டு அசைந்ததே இல்லை, கண்மாய்த் தண்ணீர்த் தகராறில் சாட்சி சொன்னவர், சுதந்திரம் வந்த பிறகே காலமானார், அவர் மடியில் உட்கார்ந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்றார்கள். இதைக் கொண்டு இரு கிளையினருக்கும் ஒரு மனத்தாங்கலே இருந்து வந்தது. ஒரே மனிதர் இரண்டு இடத்தில் எப்படி மாள்வார்?

விடை ஒரு பழைய கிரயப் பத்திரத்தில் இருந்தது. யுத்தத்துக்கு முந்திய பத்திரம். காலஞ்சென்ற முத்தையா குமாரர்கள் சுப்பையா என்கிற ரங்கூனார், கருப்பையா என்கிற சின்னத்தம்பி ஆகிய இருவர் விற்பதாக அதில் எழுதியிருந்தது. கப்பலேறிப் போய் மாண்டவர் தந்தை முத்தையா. அவருடைய பட்டம் வீட்டுக்கு ஆயிற்று. வீட்டிலிருந்து மூத்த மகனுக்கு இறங்கிற்று. மகன் சுப்பையா கடலையே பார்த்ததில்லை. ஆயினும் சாகும்வரை ரங்கூனார். இரண்டு கிளையினர் சொன்னதும் உண்மை. முத்தையா மாண்ட இடம் எது என்பது மட்டும் இன்றுவரை தெரியவில்லை.

இந்த இடத்தில் நம் ஊர்ப் பத்திர எழுத்தர்களைப் பாராட்டாமல் இருக்க முடியாது. 'என்கிற' என்பதைச் சுருக்கி அடைப்புக்குறிக்குள் ஒற்றை எகரமாக '(எ)' என்று எழுதுகிறார்களே, அதற்கு ஈடான கண்டுபிடிப்பு வேறில்லை என்பது நம் அபிப்பிராயம். ஏட்டுப் பெயருக்கும் வாய்ப் பெயருக்கும் நடுவே அந்த ஓரெழுத்துப் பாலமாக நிற்கிறது. பட்டாவிலும் சிட்டாவிலும் பத்திரத்திலும், போலீசாரின் ஏடுகளிலும்கூட, அதைக் காணலாம். எங்கள் பத்திரத்தில் அது இல்லாதிருந்தால் எங்கள் கேபின் தாத்தாவுக்கு அண்ணன் தம்பியே இருந்திருக்க மாட்டார்கள்.

கடல் கடந்து போனவர்களுக்கு அந்தப் பாலமும் இல்லை. 1860-ஆம் ஆண்டில் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து நேட்டாலுக்குக் கூலியாட்களை ஏற்றிச் சென்றது. அதன் பின்னும் பல கப்பல்கள் சென்றன. போனவர்களின் பெயரையும் தந்தை பெயரையும் ஊரையும் பதிந்த ஏடுகள் இன்றும் இருக்கின்றன. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவற்றைப் புரட்டி வேரைத் தேடுகிறார்கள். பெரும்பாலும் ஒற்றைச் சொல் பெயர். அதுவும் கேட்டவர் காதில் விழுந்தபடி எழுதியது. எந்த முனியன், எந்த வீட்டு முனியன் என்று சொல்லும் சொல் கப்பலில் ஏறவில்லை. அவர்களோடு ஒப்பிட்டால் நாம் பாக்கியசாலிகள். ரயில் பயணத்திலேயே கேட்க வேண்டியவர்களிடம் போய்ச் சேர்ந்துவிடலாம்.

அரசர்களும் புலவர்களும் இதற்குத் தப்பவில்லை. 'பொன்னியின் செல்வன்' படித்தவர்கள் அருள்மொழிவர்மனை அறிவார்கள். உலகம் அறிந்த பெயரோ இராஜராஜன். சோழ மன்னர்கள் இராஜகேசரி, பரகேசரி என்னும் பட்டங்களை மாறி மாறிப் புனைந்தார்கள். பட்டத்தை மட்டும் வெட்டி, ஆட்சியாண்டை மட்டும் குறித்த கல்வெட்டு கிடைத்தால், எந்தப் பரகேசரி என்று அறிஞர்கள் எழுத்தின் வடிவத்தைக் கொண்டும் பிற குறிப்புகளைக் கொண்டும் ஆராய வேண்டியிருக்கிறது. எந்தக் கருப்பையா என்ற கேள்விதான் இதுவும். குறுந்தொகையில் செம்புலப்பெயனீரார் என்று ஒரு புலவர். பாட்டில் அவர் வைத்த சொற்றொடரே அவருக்குப் பெயராயிற்று. அணிலாடு முன்றிலாரும் அப்படியே. பெற்றோர் இட்ட பெயர் என்னவோ!

நம் அண்டை வீட்டார் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்ப்பதும் பயன் தரும். இக்காலனியில் நம்மைவிட அதிகமாக இருக்கும் தெலுங்கர்களுக்கு 'இண்டிப்பேரு' என்று வீட்டுப்பெயர் உண்டு. சொந்தப் பெயருக்கு முன்னே அது நிற்கும். ஆளை என்ன சொல்லி அழைத்தாலும் வீடு தவறாது. வங்காளிகளுக்குக் குடும்பப்பெயரோடு 'டாக் நாம்', 'பாலோ நாம்' என்று இரண்டு வகைப் பெயர்கள். கூப்பிடும் பெயர் ஒன்று, நல்ல பெயர் ஒன்று. பள்ளிக்கும் பத்திரத்துக்கும் நல்ல பெயர்; வீட்டில் கோகா, குக்கி என்று கூப்பிடும் பெயர். பெரிய நீதிபதியாக இருந்தாலும் தெருவில் அவர் கோகாதான். நம்மிடமும் இரண்டு பெயர் இருக்கிறது. ஆனால் அவர்கள் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வைத்து, இரண்டையும் வெட்கமின்றி வழங்குகிறார்கள். நல்ல பெயர் என்ன என்று குழந்தையைக் கேட்டால் உடனே சொல்கிறது. நம்மவர் பட்டப்பெயரை வெளியில் சொல்ல நாணுகிறோம். நல்ல பெயரை வீட்டுக்குள் சொல்ல அஞ்சுகிறோம்.

இவையெல்லாம் சுவைக்காகச் சொல்லும் செய்திகள் என்று எண்ணிவிடலாகாது. காரியாலயத்தில் நாம் காண்பதைச் சொன்னால் விளங்கும். பழைய சர்வீஸ் ஏடுகளில் பெயரை எழுதியவர் பல சமயம் வங்காளி குமாஸ்தா. அவர்கள் மொழியில் வகரம் பகரமாக ஒலிக்கும். வேலு பேலுவானார். தெலுங்கு குமாஸ்தா எழுதினால் வேறு விதம். நம் முதலெழுத்தை விரித்து எழுதச் சொன்னால், தந்தை பெயர் குடும்பப்பெயர் ஆகிவிடும். அடுத்த தலைமுறையில் அந்தக் குடும்பப்பெயரும் மாறிவிடும். ஒரே வீட்டில் தாத்தாவுக்கு ஒரு குடும்பப்பெயர், மகனுக்கு ஒன்று, பேரனுக்கு ஒன்று. திருமணமான பெண்ணுக்கு முதலெழுத்தே மாறும். பிறப்புச் சான்றைக் கொண்டுவாருங்கள் என்றால், 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்துக்கு முன் பிறந்த பலருக்குச் சான்றே கிடையாது. இருக்கும் சான்றிலும் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ஆண் குழந்தை' என்றிருக்கும்.

1964-ஆம் ஆண்டு முதல் ரயில்வே ஊழியர்களுக்குக் குடும்ப ஓய்வூதியத் திட்டம் இருந்து வருகிறது. ஊழியர் மறைந்தால் மனைவிக்குச் சேர வேண்டிய பணம் அது. நம் பக்கத்து மனிதர் ஒருவர் பணியிலிருக்கும்போதே காலமானார். வேலையில் சேர்ந்த நாளில் வாரிசுப் படிவத்தில் மனைவியின் பெயரைப் 'பாப்பா' என்று எழுதியிருந்தார். வீட்டில் அப்படித்தான் அழைத்தார்கள். அவருக்கு வேறு பெயர் மனத்தில் தோன்றவில்லை. ரேஷன் அட்டையில் அம்மையாரின் முழுப்பெயர். வங்கிப் புத்தகத்தில் அதில் பாதி. மூன்று பெயர், ஒரு விதவை. மூன்று பெயருக்கும் உரியவர் ஒருவரே என்று பிறந்த ஊரிலிருந்து சான்று பெற்றுவரச் சொன்னார்கள். ஊரில் அவரை அறிந்தவர்கள் நாலாவதாக ஒரு பெயரைச் சொன்னார்கள். உறுதிமொழிப் பத்திரம், அதற்குச் சாட்சி, சாட்சியின் அடையாளத்துக்கு இன்னொரு சான்று என்று ஏறக்குறைய ஓராண்டு ஓடியது. பணம் கடைசியில் வந்தது. அந்த ஓராண்டில் அவ்வீட்டுப் பெண்ணின் கல்லூரிப் படிப்பு நின்றது, பிறகு தொடரவில்லை. இதில் யாரும் தீங்கு நினைக்கவில்லை. ஒவ்வொரு மேசையிலும் இருந்தவர் தம் முன் இருந்த காகிதத்தைத்தான் பார்த்தார். அந்தக் காகிதம் எதிலும் '(எ)' என்ற ஓரெழுத்து இல்லை, அவ்வளவுதான்.

இன்று சர்வீஸ் ஏடுகள் கணினியில் ஏறிவிட்டன. பெயருக்கு ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் 'என்கிற'வுக்கு இடமில்லை. இருக்கும் இரண்டில் ஒரு பெயர் உள்ளே போகிறது. மற்றது வெளியே நிற்கிறது. வெளியே நிற்பதைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் நம் காலனியில் விரல் விட்டு எண்ணக்கூடியவர்களே.

ஆகவே ஒரு விண்ணப்பம். சங்க நூலகத்தில் நீளமான பேரேடு ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம். குடும்பத்துக்கு இரண்டு பக்கம். முதலில் கரக்பூருக்கு வந்தவர் யார், எந்த ஊரிலிருந்து, என்ன வேலைக்கு என்று எழுதுங்கள். ஏட்டுப் பெயரை எழுதி, '(எ)' போட்டு, காலனியில் வழங்கிய பெயரையும் ஊரில் வழங்கிய பெயரையும் எழுதுங்கள். அப்பெயரை யார் வைத்தார்கள், ஏன் வைத்தார்கள் என்பது தெரிந்தால் அதையும் சேருங்கள். 'நொண்டி' என்றும் 'ஊமையன்' என்றும் இருந்தால் மரியாதைக் குறைவு என்று விட்டுவிட வேண்டாம். அந்தச் சொல்லைக் கேட்டால்தான் ஊரில் வழி காட்டுவார்கள். மனைவியின் பெயரை எழுதும்போது பிறந்த ஊரையும், பிறந்த வீட்டில் அழைத்த பெயரையும் கேட்டு எழுதுங்கள். ஒருவர் எழுதியதை மற்றொருவர் அடிக்க வேண்டாம். வேறு விதமாகக் கேள்விப்பட்டிருந்தால் பக்கத்தில் எழுதிக் கையெழுத்திடுங்கள். எங்கள் ரங்கூனார் விஷயத்தில் இரு கிளையினரும் சரியாகவே சொன்னார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

வாரிசுப் படிவத்தை நிரப்பியவர்கள் நாளையே அதன் நகலை எடுத்து, மனைவி மக்கள் பெயர் ஆதார் அட்டையில் உள்ளபடி இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். வேறுபாடு இருந்தால் நம்மிடம் வாருங்கள். திருத்துவதற்குரிய மனுவை எழுதித் தருகிறோம்.

ஞாயிறு மாலை நான்கு மணி முதல் ஏழு மணி வரை நூலகம் திறந்திருக்கும். நடக்க இயலாத பெரியவர்கள் சொல்லியனுப்பினால், பேரேட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வருகிறோம். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிறோம்.